ராடு நூல் கட்டுக்கு வார்னிஷா எப்பாக்ஸியா, நம்ம உப்புத்தண்ணிக்கு எது தாங்கும்?

ஒத்தவாடை_தூண்டில் (திருவொற்றியூர்)

வணக்கம் அண்ணன்களா. நான் பெரும்பாலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா இருக்குற தூண்டில் வளைவு கல்லு மேல நின்னுதான் போடுவேன், லீவு கெடச்சா எண்ணூர் முகத்துவாரம், எப்பவாச்சும் பழவேற்காடு. கையில 10 அடி ஃபைபர் கிளாஸ் ராடு ஒண்ணு இருக்கு, ராடு நல்லாத்தான் இருக்கு ஆனா கைடு (நரம்பு ஓடற வளையம்) கட்டியிருக்குற நூலு மேல இருக்கற ஃபினிஷ் மஞ்சளாயி, கைடு கால் (ராடு மேல படிஞ்சு நூலுக்குள்ள இருக்கற பாகம்) முடியிற எடத்துல சுத்தி கோடு கோடா வெடிச்சிருக்கு, கீழ ரெண்டு கைடுல வெடிப்புலேர்ந்து துருத்தண்ணி மாதிரி கறை வேற எறங்குது. அத பிரிச்சு நானே புதுசா நூலு சுத்தலாம்னு இருக்கேன், கூடவே 9 அடி கார்பன் பிளாங்க் (எதுவும் கட்டாத வெறும் ராடு) ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன் அதுவும் முதல்லேர்ந்து கட்டணும்.

நூலு சுத்தறது ஓரளவு கைக்கு வந்துடுச்சு. மேல என்ன பூசுறதுன்னுதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஹார்டுவேர் கடையில கிளியர் வார்னிஷ் போதும்ங்கறாங்க, கூட மீன்புடிக்க வர்ற ஃப்ரெண்டு எப்பாக்ஸி தவிர வேற எதயும் தொடாதங்கறான், காசிமேட்டுல இருக்குற மாமா பையன் போட்டுக்கு அடிக்கிற ரெசினே ஊத்து கல்லு மாதிரி நிக்கும்ங்கறான். நைலான் நூலு, செவப்பு கலர், அந்த கலர் மாறாம இருந்தா நல்லாருக்கும். மழை தொடங்கறதுக்குள்ள முடிக்கணும்னு ஆசை. எது போடட்டும், ஏன்னு சேர்த்து சொன்னீங்கன்னா புரிஞ்சுக்குவேன்.

ராயபுரம்_கைடு

தம்பி, உப்புத்தண்ணி, கல்லு மேல நின்னு வீசறது, 10 அடி ராடு, இதுக்கு எப்பாக்ஸிதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு, உன் ராடுல கைடு கால் முடியிற எடத்துல வெடிச்சிருக்கு பாரு, அதுக்கு முக்கால்வாசி காரணம் மேல பூசுனது இல்ல, கீழ செஞ்ச வேல. கைடு கம்பெனியிலேர்ந்து வரும்போது காலோட நுனி மொட்டையா தடியா இருக்கும், அப்படியே வெச்சு நூலு சுத்துனா நூலு பிளாங்க்லேர்ந்து அந்த மொட்ட நுனி மேல தாவி ஏறும், ஏறுற எடத்துல அடியில ஒரு சந்து விழும். ராடு வளையும்போதெல்லாம் அந்த எடத்துலதான் இழுபறி. சந்து காலியா இருந்தா மேல இருக்கற படலம் தாங்காம வெடிக்கும், வெடிச்ச வழியா உப்புத்தண்ணி உள்ள போய் உக்காந்துக்கும், ஸ்டெயின்லெஸ் கைடா இருந்தாலும் காத்தே படாத சந்துல உப்புத்தண்ணி தேங்கினா துரு புடிக்கத்தான் செய்யும். அதனால மொதல்ல சின்ன அரம் வெச்சு கால் நுனிய மேல்பக்கமா சரிவா தேய்ச்சு, கத்தி மாதிரி மெலிசாக்கி, அடிப்பக்கம் பிசிறு இல்லாம 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல இழுத்துட்டு அப்புறம் நூல எடு.

இப்ப ஏன் எப்பாக்ஸின்னா, வார்னிஷ்ல ஏறக்குறைய பாதி கரைப்பான், அது பறந்து போனதும் மிச்சம் நிக்கிறது மெலிசான படலம்தான், பூசுன உயரம் நிக்காது. ராடுக்குன்னு வர்ற எப்பாக்ஸியில கரைப்பானே கெடையாது, ரெசினும் ஹார்டனரும் கலந்து உள்ளுக்குள்ளயே கெட்டியாகுது, ஊத்துனது ஊத்துன அளவுக்கே நிக்கும். அந்த சந்த முழுசா அடைக்கற வேல அதனாலதான் எப்பாக்ஸிக்கு சுலபமா வருது, ரெண்டு கோட்டுல முடியும், வார்னிஷ்ல அதே உயரம் வரணும்னா ஆறு ஏழு கோட்டு போவணும். கல்லுல ராட சாய்ச்சு வெக்கறோம், மண்ணுல நட்டு வெக்கறோம், அந்த ஒரசலுக்கு தடிப்பு வேணும்.

ஃப்ளெக்ஸ் கோட், த்ரெட்மாஸ்டர் இந்த மாதிரி ராடு எப்பாக்ஸிங்க ரெண்டும் சம அளவு, 1:1, அதுவும் கன அளவுல, எடையில இல்ல. ரெசின் கனம் ஹார்டனர் லேசு, தராசுல வெச்சு சமமா போட்டா விகிதம் தப்பிடும், அப்புறம் ஒட்டிக்கிட்டே கெடக்கும் காயவே காயாது. ரெண்டு கைடுக்குத்தானன்னு கொஞ்சூண்டு கலக்காத, 3 மில்லிக்கு 3 மில்லி கலக்கு, மிச்சம் வீணானாலும் பரவால்ல, அளவு கொறய கொறய ஒரு சொட்டு தப்புனா கூட பெரிய தப்பு. மெதுவா, நுரை ஏத்தாம, ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு மூணு நாலு நிமிஷம் கலக்கிட்டு, கப்புலயே வெக்காம அலுமினியம் ஃபாயில் மேல பரப்பி ஊத்திடு. கப்புல குவிஞ்சு இருந்தா அதோட சூடே அத சீக்கிரம் கெட்டியாக்கிடும், பரப்புனா நேரம் நீளும், குமிழும் மேல வந்து தானா ஒடையும்.

மொத கோட்டு மெலிசு, நூலு குடிக்கறதுக்கு மட்டும், ராட சுத்திக்கிட்டே சந்துக்குள்ள எறங்க விடு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மேல நிக்கிற மிச்சத்த பிரஷ்லயே எடுத்துடு. அடுத்த நாள் ரெண்டாவது கோட்டு. ஒரே கோட்டுல தடியா அடிச்சா நடு உப்பி ரெண்டு ஓரமும் ஒல்லியா ஒரு உருண்ட நிக்கும் பாரு, அது அழகும் இல்ல பலமும் இல்ல, வெறும் எடை.

பெரம்பூர்_மூங்கில்

ராயபுரம் அண்ணன் சொன்னதுல கைடு கால் தேய்க்கற விஷயம் நூத்துக்கு நூறு, அத எல்லாரும் மனப்பாடமா வெச்சுக்கணும். ஆனா வார்னிஷ அப்படியே தள்ளிட முடியாது, எந்த ராடுல எந்த எடத்துலன்னு பாக்கணும்.

ராடோட அடிப்பக்கத்துல நீ எவ்ளோ எப்பாக்ஸி ஏத்துனாலும் கைக்கு தெரியாது. நுனிப்பக்கம் அப்படி இல்ல, கடைசி மூணு நாலு கைடுல ஏறுற ஒவ்வொரு சொட்டும் நுனிய மந்தமாக்கும், வீசுனதுக்கு அப்புறம் நுனி ஆடி நிக்கறதுக்கு நேரம் எடுக்கும், சின்ன மடவையோ கிழங்கானோ லேசா இழுக்கற இழுப்பு கைக்கு வர்றது கொறையும். அங்க வார்னிஷ் மூணு நாலு மெலிசு கோட்டு போட்டா நூலோட வரி கூட தெரியும், வெயிட்டே ஏறாது, ராடோட சேர்ந்து வளையும். பட்டு நூல்ல சுத்தன மூங்கில் ராடுங்க எப்பாக்ஸி வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடிலேர்ந்து வார்னிஷ்லதான நிக்குது.

ஆனா எந்த வார்னிஷ்ங்கறதுதான் விஷயம். கடையில போய் வெறுமனே கிளியர் வார்னிஷ்னு கேட்டா மேசை நாற்காலிக்கு அடிக்கிறத எடுத்து குடுப்பாங்க, அது கெட்டியா காஞ்சு ராடு வளையும்போது நுணுக்கு நுணுக்கா வெடிச்சிடும். வெளி மரத்துக்கு, படகுக்கு அடிக்கிற ஸ்பார் வார்னிஷ்னு கேளு, அதுல எண்ணெய் பங்கு அதிகம் அதனால வளையும், வெயில தாங்க யூவி தடுப்பும் போட்டிருப்பாங்க. ஆசாரிங்க அடிக்கிற அரக்கு பாலீஷ் பக்கமே போகாத, தண்ணி பட்டா வெளுத்துடும். மரச்சாமானுக்கு அடிக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் வேணாம், கெட்டியாயி ஒடஞ்சிடும்.

மொத கோட்டுக்கு டர்பன்டைன் பாதிக்குப் பாதி கலந்து தண்ணியா அடி, நூலு முழுசா உறிஞ்சட்டும். அடுத்தடுத்தது கலக்காம மெலிசா. வார்னிஷ் காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்துத்தான் இறுகும், அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முழு நாள் குடு, மழக்காலமா இருந்தா ரெண்டு நாள். அவசரப்பட்டு மேல மேல அடிச்சா அடிக்கோட்டு உள்ளயே மெத்துனு நின்னுடும், நகத்தால அமுக்கினா தடம் விழும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல லேசா 600 நம்பர்ல தடவிட்டு துணியால தொடச்சிடு.

வார்னிஷோட பெரிய நல்லது என்னன்னா தப்பு பண்ண எடம் கம்மி. அளவு கெடையாது, நேரம் ஓடாது, மோட்டார் வேணாம், அப்பப்ப கையால திருப்பி வெச்சா போதும். ஒரு வருஷம் கழிச்சு மங்குச்சுன்னா லேசா தேய்ச்சிட்டு ஒரு கோட்டு போட்டா புதுசு. எப்பாக்ஸி வெடிச்சா மேல பூசி மறைக்க முடியாது, பிரிச்சுத்தான் ஆகணும்.

உன் 10 அடி கிளாஸ் ராடுக்கு எப்பாக்ஸியே போடு, நானும் ஒத்துக்கறேன். 9 அடி கார்பனுக்கு கீழ் கைடுங்களுக்கு எப்பாக்ஸி, நுனி மூணுக்கு வார்னிஷ். நான் அப்படித்தான் கட்டறேன்.

காசிமேடு_ஃபைபர்

தம்பி அந்த போட்டு ரெசின் மேட்டர மட்டும் வுட்டுடு, நான் அந்த வேலயிலதான் கீறேன் அதனால சொல்றேன். உன் மாமா பையன் சொன்னது ராங்கு. நாங்க போட்டுக்கு ஊத்தறது பாலியஸ்டர் ரெசின், எப்பாக்ஸி வேற இது வேற, பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு கணக்காதான் தெரியும். போட்டுல அது நிக்குதுன்னா ரெசினால மட்டும் நிக்கல, உள்ள கிளாஸ் மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) லேயர் லேயரா வெச்சு அழுத்திக்கினு வர்றோம் அதனால நிக்குது. மேட்டு இல்லாம வெறும் ரெசின் மட்டும் காஞ்சா பட்டுனு ஒடையும், கையால மடக்கிப் பாரு தெரியும். உன் ராடு வில்லா வளையுது, அது மேல இது நிக்குமா?

இன்னொண்ணு, இது காயும்போது சுருங்கும், எப்பாக்ஸிய வுட நல்லாவே சுருங்கும். மெலிசா பூசுனா மேல்பக்கம் காத்து பட்டு பிசுபிசுன்னே கெடக்கும், அதுக்குதான் கடைசி கோட்டுல மெழுகு கலக்கறது. நைலான் நூல்லயும் வழவழன்னு கீற பிளாங்க்லயும் புடிப்பும் எப்பாக்ஸி அளவுக்கு வராது, ஒருநாள் சில்லா பேந்துடும்.

அதோட வூட்டுல வெச்சு பண்ற சாமானே இல்ல அது. ரெசின் இறுகறதுக்கு போடற கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலந்துச்சுன்னா குப்புனு தீ புடிக்கும், வெடிக்கக்கூட செய்யும், மொதல்ல கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கலக்கிட்டு அப்பால தான் கேட்டலிஸ்ட்டு ஊத்தணும். கேட்டலிஸ்ட்டு ஒரு சொட்டு கண்ணுல பட்டா கண்ணு போய்டும். தெரியாத பசங்க எவனாச்சும் வூட்டுக்கு எடுத்துனு போய் சின்ன டப்பாவுல கலக்கறேன்னு சொன்னா எனக்கு பகீர்னுது. யாரும் செய்யாதீங்கப்பா.

ஒரு விஷயம் மட்டும் எங்க வேலயிலேர்ந்து சொல்றேன் எடுத்துக்க. மரத்துல செய்யற நல்ல போட்டுல எப்பாக்ஸி பூசி அது மேல யூவி வார்னிஷ் அடிப்பாங்க, ஏன்னா எப்பாக்ஸிக்கு எதிரி வெயிலு, வெயில்ல நின்னு நின்னு மஞ்சளாயிடும். உன் ராடு மஞ்சளானதும் அதனாலதான். எப்பாக்ஸி முழுசா காஞ்சு ஒரு வாரம் ஆனதும் 600ல லேசா மங்கலாக்கிட்டு ஸ்பார் வார்னிஷ் ஒரு கோட்டு மெலிசா இழுத்து வுடு. ரெண்டு பேரும் சொன்னது ரெண்டும் ஒரே ராடுல வந்துடும்.

ஒத்தவாடை_தூண்டில் (திருவொற்றியூர்)

ரொம்ப நன்றி அண்ணா மூணு பேருக்கும், போட்டு ரெசின் கதைய அப்படியே மாமா பையனுக்கும் காட்டிட்டேன். இன்னும் கொஞ்சம் சந்தேகம். ராடு எப்பாக்ஸி வெளியூர்லேர்ந்து வரணும், அதுக்குள்ள ரெசின் ஆர்ட் பண்ற எப்பாக்ஸி இங்கயே கெடைக்குது, 2:1 போட்டிருக்கு, அது ஆகுமா? இல்ல வீட்டுல இருக்குற அரால்டைட்? அளக்கறதுக்கு மெடிக்கல் ஷாப் சிரிஞ்சு வாங்கிடலாம்ல? மோட்டாருக்கு எங்க போறது? அப்புறம் செவப்பு கலருக்கு யாரும் எதுவும் சொல்லல. எங்க வீடு கடலுக்கு ரொம்ப பக்கம், ஜன்னல தொறந்தா உப்புக்காத்துதான், அதுல காய வெக்கலாமா?

ராயபுரம்_கைடு

அரால்டைட் ஒட்டறதுக்கு, பூசறதுக்கு இல்ல. கைப்புடி கார்க்கு, ரீல் சீட்டு, நுனி டாப் ஒட்ட அத வெச்சுக்கோ. நூலு மேல பூசுனா தடியா வரி வரியா நிக்கும், நிறமும் மஞ்சள். ரெசின் ஆர்ட் எப்பாக்ஸி தெளிவா இருக்கும், ஆனா பெரும்பாலும் அது ட்ரே, மேசை மாதிரி அசையாத சாமானுக்கு செஞ்சது, கெட்டியா நிக்கும், ராடு எப்பாக்ஸி காஞ்ச பிறகும் வளையற மாதிரி செஞ்சது. அவசரம்னா வளையாத அடிப்பக்கம் கைப்புடிக்கு மேல இருக்கற அலங்கார நூலுக்கு போட்டுப் பாரு, கைடுக்கு வேணாம். 2:1னு போட்டிருந்தா 2:1தான், ஹார்டனர் கூட ஊத்துனா சீக்கிரம் காயும்னு யாராச்சும் சொன்னா கேக்காத, வார்னிஷ் வேற எப்பாக்ஸி வேற, இதுல விகிதம் மீறுனா மிச்சம் ஆனது உள்ளயே நின்னு மெத்துன்னு ஆயிடும்.

சிரிஞ்சு விஷயம் நல்லா கேட்ட. மெடிக்கல் ஷாப்புல குடுக்கறதுல உள்ள கருப்பு ரப்பர் இருக்கும் பாரு, அது வழுக்கி ஓடறதுக்கு சிலிகான் தடவியிருப்பாங்க. அந்த சிலிகான் ஒரு துளி எப்பாக்ஸில கலந்தாலே பூசுன எடத்துல கண்ணு கண்ணா விலகும், எத்தன தடவ பூசுனாலும் அந்த எடம் மூடாது. ரப்பர் இல்லாத, உள்தண்டும் பிளாஸ்டிக்கா இருக்கற சிரிஞ்சு வாங்கு, ரெசினுக்கு ஒண்ணு ஹார்டனருக்கு ஒண்ணு, மேல பேனாவால எழுதி வெச்சுடு, மாத்தி விட்டுடாத. அதே மாதிரி பைக் பாலீஷ், ரீல் ஆயில், தலைக்கு தேய்ச்ச எண்ணெய் கை, எதுவும் நூல தொடக்கூடாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவுச்சே, அந்த தண்ணியில எறங்குன ராடு எதையாச்சும் பிரிச்சு கட்டறதா இருந்தா சோப்புத்தண்ணி, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ரெண்டு மூணு தடவ தொடச்சிட்டுதான் நூலு. பாரிஸ்ல நயினியப்ப நாயக்கன் தெருவுல கெமிக்கல் கடைங்க வரிசையா இருக்கு, அங்க கேளு.

மோட்டாருக்கு மைக்ரோவேவ் அவன்ல தட்டு சுத்துற மோட்டார் போதும், நிமிஷத்துக்கு 5, 6 சுத்து, ரிச்சி தெருவுல கேட்டா எடுத்து குடுப்பாங்க. ஸ்விட்ச் போடும்போது சில நேரம் வலமா சில நேரம் எடமா சுத்தும், அது ரிப்பேர் இல்ல, அந்த மோட்டாரே அப்படித்தான், நமக்கு எந்தப் பக்கம் சுத்துனாலும் ஒண்ணுதான். வீட்டு கரண்டுல நேரா ஓடுறதான்னு கேட்டு வாங்கு, ஒயர் ஜாயின்ட ஒழுங்கா மூடு. நாலஞ்சு மணி நேரம் நிக்காம சுத்தணும், கரண்டு போனா உக்காந்து கையால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அரை சுத்து திருப்பு.

உப்புக்காத்து, ஈரம் பத்தி. எப்பாக்ஸி ஈரத்தால காயாம போகாது, ஆனா காயும்போது காத்துல ஈரம் ரொம்ப இருந்தா மேல மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு ஏறும், சில நேரம் மங்கலா ஆகும். ரெண்டாவது கோட்டுக்கு முன்னாடி வெதுவெது தண்ணியும் சோப்பும் போட்டு அத கழுவிட்டா போதும், கழுவாம மேல பூசுனா ஒட்டாது. ஜன்னல சாத்து, ஃபேன நிறுத்து, ஏசி ரூம் இருந்தா அங்க பண்ணு, ஏசி ஈரத்த எடுத்துடும். நம்ம ஊரு வெயில் காலத்துல பூச கெடைக்கிற நேரம் கம்மி, பாட்டில்ல போட்டிருக்கறது குளிர் நாட்டுக் கணக்கு, சூடு 10 டிகிரி ஏறினா ஏறக்குறைய பாதியா கொறஞ்சிடும், அதனால எல்லா கைடுக்கும் ஒரே கலவைல பூசலாம்னு நெனைக்காத, மூணு மூணா பண்ணு.

கையுறை போடு தம்பி, நைட்ரைல் கையுறை. ஹார்டனர் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் அரிப்பு ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா அப்புறம் ஜென்மத்துக்கும் எப்பாக்ஸி பக்கம் போக முடியாது.

பெரம்பூர்_மூங்கில்

கலருக்கு நான் சொல்றேன். சாதா நைலான் நூலு எப்பாக்ஸியோ வார்னிஷோ குடிச்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடும், செவப்பு அடர்ந்து ரத்தச் செவப்புக்கும் கீழ போய் கருப்பு பிளாங்க் உள்ள தெரியும், கைடு காலும் தெரியும். சில பேருக்கு அதுதான் புடிக்கும், எனக்கும் கார்பன்ல அந்த அடர் நிறம்தான் புடிக்கும். அப்படியே பளிச்சுனு வேணும்னா ரெண்டு வழி. கலர் ப்ரிசர்வர்னு பால் மாதிரி ஒரு தண்ணி வரும், அத மொதல்ல பூசி முழுசா காய விடணும். ஆனா அது நூல அடைச்சுக்கும், எப்பாக்ஸி அடியில பிளாங்க் வரைக்கும் எறங்காது, மேலயே நின்னுடும், கல்லு மேல போட்டு ஒரசற ராடுக்கு அது எனக்கு சரியா படல. இன்னொரு வழி என்.சி.பி.ன்னு போட்ட (கலர் ப்ரிசர்வர் தேவைப்படாத) நூலு வாங்கறது, இல்லன்னா பாலியஸ்டர் எம்பிராய்டரி நூலு, சவுகார்பேட்டை பக்கம் எல்லா நிறத்துலயும் கெடைக்கும், இதெல்லாம் நைலான் அளவுக்கு நிறம் மாறாது, எப்பாக்ஸியும் உள்ள எறங்கும். உன் கிளாஸ் ராடுக்கு அதையே எடு. மொதல்ல ஒரு பழைய குச்சியில நாலு சுத்து சுத்தி பூசிப் பாத்துட்டு அப்புறம் ராடுல வை.

ஒத்தவாடை_தூண்டில் (திருவொற்றியூர்)

சரி அண்ணா, கிளாஸ் ராடுக்கு பாலியஸ்டர் நூலு, எப்பாக்ஸி ரெண்டு கோட்டு, மேல ஒரு வார்னிஷ். கார்பனுக்கு பெரம்பூர் அண்ணன் சொன்ன மாதிரி நுனி மூணும் வார்னிஷ். எப்பாக்ஸி வர்ற வரைக்கும் பழசு பிரிக்கற வேலய பாக்கறேன். பிளேடு போட்டு சொரண்டிடலாமா, இல்ல சூடு காட்டணுமா?

காசிமேடு_ஃபைபர்

சொரண்டாத, பிளாங்க்ல ஒரு கீறல் வுழுந்தா பெரிய மீன் இழுக்கும்போது அங்கதான் ஒடையும். முடி காய வெக்கற டிரையர எடு, ஹீட் கன்னு வேணாம், அது ஓவர் சூடு, பிளாங்க்ல கீற ரெசினே கெட்டுப்போய்டும். கைடு மேல கொஞ்ச நேரம் சூடு காட்டு, ஃபினிஷு மெத்துனு ஆவும். அப்போ பிளேட கைடு காலு மேல, இரும்பு இருக்கற எடத்துல மட்டும், படுக்க வெச்சு நீள வாக்குல சீவு, பிளாங்க் பக்கம் பிளேடு போவவே கூடாது. நூலு அறுந்ததும் ஒரு முனைய புடிச்சு இழுத்தீன்னா ஃபினிஷோடவே உரிஞ்சிக்கினு வரும். மிச்சம் ஒட்டிக்கினு கீறத மறுபடி சூடு காட்டி நகத்தாலயோ பிளாஸ்டிக் கார்டாலயோ தள்ளு. கடைசியா ஆல்கஹால் துணியில தொட, அசிட்டோன் போடாத, பிளாங்க் மேல பெயின்ட்டு இருந்தா கரைச்சுடும்.

கைடெல்லாம் எந்த எடத்துல இருந்துச்சுன்னு பிரிக்கறதுக்கு முன்னாடியே மாஸ்கிங் டேப்புல குறிச்சி வெச்சிக்க. துரு புடிச்ச ரெண்டு கைட திரும்ப கட்டாத, மத்த கைடுங்களோட உள் வளையத்துல பஞ்ச வுட்டு இழுத்துப் பாரு, எங்கயாச்சும் பஞ்சு மாட்டுச்சுன்னா அதுல விரிசல் கீது, அதயும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு, இல்லன்னா நரம்ப அறுத்துக்கினே கெடக்கும்.